அந்தப் புள்ளியில் என் புருஷன் இல்லை

இரண்டு வருஷத்துக்கு முந்தி, ஐப்பசி மாதக் கடைசியில், பருத்தித்துறைக்குக் கிட்ட இருக்கும் எங்கள் கரையோரக் கிராமத்தில் இது நடந்தது. எழுத உட்காரும்போதே எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வருகிறது. ஆறின கோபம் என்று சொல்வார்களே, என் கோபம் ஆறவே இல்லை. கடலுக்குப் போகும் ஆம்பிளைகள் யாராவது இதை வாசித்தால் கோபிக்கட்டும். எனக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை.

முதலில் எங்கள் சங்கத்தின் ஏற்பாட்டைச் சொல்ல வேண்டும். ஒருமுறை எங்கள் கரைப் படகொன்று எஞ்சின் பழுதாகி, இரண்டு நாள் கடலில் அள்ளுண்டு போனது. எங்கே தேடுவதென்று தெரியாமல் கரை முழுக்கப் பைத்தியம் பிடித்த மாதிரி நின்றோம். அவர்கள் தப்பி வந்ததே பெரிய காரியம். அதற்குப் பிறகு கடற்றொழிலாளர் சங்கம் ஒரு விதி போட்டது. படகைத் தள்ளும் முன் ஒவ்வொரு படகும் தன் இருப்பிடத்தை வாட்ஸ்அப் குழுவில் பகிர வேண்டும். எட்டு மணித்தியாலத்துக்கு அந்தப் படகு வரைபடத்தில் ஒரு புள்ளியாக ஓடிக்கொண்டிருக்கும். யாருக்காவது ஆபத்து என்றால் செயலாளர் அந்தப் புள்ளியைப் பார்த்துக் கிட்ட நிற்கும் படகுகளுக்கும் கடற்படைக்கும் அறிவிப்பார். கரைக்கு அம்புலன்ஸைக் கூப்பிடுவதும் அவர்தான்.

நல்ல ஏற்பாடு. இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும். அந்த வருஷம் சோழகக் காற்று நேரம் நடுக்கடலில் ஒருவருக்கு நெஞ்சுநோ வந்தது. பக்கத்துப் படகு புள்ளியைப் பார்த்துக் கால் மணித்தியாலத்தில் போய்ச் சேர்ந்தது. கரைக்கு வரும்போது அம்புலன்ஸ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது. அந்த மனுஷன் இன்றைக்கும் சைக்கிளில் சந்தைக்குப் போய் வருகிறார்.

ஆனால் எங்கள் ஆம்பிளைகளுக்கு ஒரு வியாதி இருக்கிறது. கடலுக்கு அடியில் கல்லும் முருகைப் பவளமும் சேர்ந்த மேடுகளைப் பார் என்போம். மீன் கூடி நிற்கும் இடம் அதுதான். நல்ல பார் ஒன்றைக் கண்டுபிடித்தவன் அதைக் கூடப் பிறந்தவனுக்கும் சொல்ல மாட்டான். மீனோடு திரும்பும்போது நேராகக் கரைக்கு வராமல் வேறு திசையால் சுற்றிக்கொண்டு வருவான். என் புருஷனுக்கும் அப்படி ஒரு பார் இருந்தது. அவருடைய தகப்பன் கண்டுபிடித்தது. வடகிழக்கே, மற்றவர்கள் வழக்கமாகப் போகாத பக்கம். எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது அந்தப் பாரால்தான். அதையும் நான் மறுக்கவில்லை.

சரி, புள்ளியாக ஓடினால் பாரின் இடம் ஊருக்கே தெரிந்துவிடுமே! விதி போட்ட கூட்டத்தில் எல்லோரும் ஓம் ஓம் என்று தலையாட்டினார்கள். இரண்டாம் கிழமையே ஒருவருக்கு டேட்டா முடிந்துவிட்டது, இன்னொருவருக்குப் போன் சூடாகிவிட்டது. என் புருஷன் அவர்களைவிட ஒரு படி மேலே போனார். ஒரு பழைய போனை வாங்கி, அதற்கு ஒரு சிம் போட்டு, அந்த நம்பரைத்தான் குழுவில் எங்கள் படகின் நம்பர் என்று கொடுத்தார். பிறகு அந்தப் போனைத் தன் கூட்டாளியின் படகில் வைத்து அனுப்பினார். கூட்டாளி எல்லோரும் போகும் மேற்குப் பக்கம்தான் போவார். அதனால் வரைபடத்தில் எங்கள் படகும் அவருடைய படகும் மேற்கே அண்ணன் தம்பி மாதிரி அருகருகே நிற்கும். உண்மையில் என் புருஷன் வடகிழக்கே தன் பாரில் நிற்பார். அந்தப் போன் அடித்தாலும் எடுக்கக் கூடாது என்று கூட்டாளிக்குக் கட்டளை. அவர் எடுத்துக் கதைத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும் அல்லவா.

அந்தப் போனுக்கு ஒவ்வொரு நாளும் சார்ஜ் போட்டது யார் என்று நினைக்கிறீர்கள்? நான்தான். பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்து, தண்ணீர் படாமல் சொப்பிங் பையால் சுற்றி, என் கையாலேயே கொடுத்து அனுப்பினேன். "உங்கடை மூளைக்கு நீங்கள் படிச்சிருந்தா எஞ்சினியர்" என்று பகிடியும் விட்டிருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த வருஷ ஆரம்பத்தில் அவருடைய சொந்தப் போன் கடலில் விழுந்து, அதில் குறித்து வைத்திருந்த இடமெல்லாம் போய்விட்டது. பாரைத் திரும்பக் கண்டுபிடிக்கப் பத்து நாள் பட்ட பாட்டுக்குப் பிறகு, அந்த இடத்தை என் போனுக்கும் அனுப்பி வைத்தார். "ஆருக்கும் காட்டாதை. நான் செத்தாலும் காட்டாதை" என்றார். அம்மன் மேல் சத்தியமும் வாங்கிக்கொண்டார்.

அன்றைக்கு விடிய முன் அவரும் என் தம்பியும் கடலுக்குப் போனார்கள். தம்பி இரண்டு பிள்ளைகளின் தகப்பன், கலியாணம் முடித்த நாளிலிருந்து என் புருஷனோடுதான் தொழில். வாடைக்காற்று கொஞ்சம் தூக்கலாக இருந்தது. ஏழரை மணி போல நான் புட்டுக்கு மாக் குழைத்துக்கொண்டிருக்க, அவருடைய சொந்தப் போனிலிருந்து அழைப்பு வந்தது.

காற்று இரைச்சலுக்குள் அவர் குரல் கேட்டது. "எடியே, எஞ்சின் நிண்டிட்டுது. பக்கம் வெடிச்சுத் தண்ணி ஏறுது. கூட்டாளிக்கு மட்டும் சொல்லு…" அதோடு தொடர்பு அறுந்தது. திருப்பி எடுத்தேன். போன் வேலை செய்யவில்லை.

கூட்டாளிக்கு மட்டுமாம்! தண்ணீர் கழுத்துக்கு ஏறும் நேரத்திலும் மனுஷன் பாரைத்தான் நினைத்திருக்கிறார். கூட்டாளியின் போனுக்கு எடுத்தேன். அடித்து அடித்து நின்றது. வலை இழுக்கும் நேரம், எங்கே கேட்கப் போகிறது. மாக்கையோடு சங்கக் கட்டடத்துக்கு ஓடினேன். என் தம்பி பெண்சாதி அடுத்த வளவில் இருப்பவள். என் சத்தம் கேட்டு அவளும் தலையை முடியாமல் பின்னால் ஓடி வந்தாள்.

சங்கத்தில் செயலாளரும், அன்றைக்குக் கடலுக்குப் போகாத ஏழெட்டுப் பேரும் இருந்தார்கள். நான் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னதைக் கேட்டுவிட்டுச் செயலாளர் ஆறுதலாகப் போனை எடுத்து வரைபடத்தைத் திறந்தார்.

"பதறாதேங்கோ அக்கா. அண்ணையின்ரை படகு இஞ்சை மேற்காலை நிக்குது, பாருங்கோ. பக்கத்திலை இன்னொரு படகும் நிக்குது. எஞ்சின் பழுதெண்டா அவங்கள் கட்டி இழுத்துக்கொண்டு வருவாங்கள்."

"தம்பி, தண்ணி ஏறுதெண்டு இவர் சொன்னவர்."

"புள்ளி அசையுதெல்லோ? படகு தண்ணிக்குள்ளை தாண்டு போயிருந்தா புள்ளி என்னண்டு அசையும்?"

குழுவில் இருந்த நம்பருக்கு எடுத்தும் பார்த்தார். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. "ரிங் போகுது. அப்ப போன் தண்ணிக்கை விழேல்லை. பயப்பிட ஒண்டுமில்லை" என்றார்.

எனக்கு வந்த கோபம்! புருஷனுடைய குரல் என் காதுக்குள் நிற்கிறது, இந்த மனுஷன் ஒரு பச்சைப் புள்ளியைக் காட்டி எனக்குப் புத்தி சொல்கிறார் என்று பல்லைக் கடித்தேன். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்தப் புள்ளியை அவருக்குக் கொடுத்தது நாங்கள். நாங்கள் சொன்ன பொய்யை நம்பினதற்காக அந்த மனுஷனில் எனக்குக் கோபம்.

ஆனாலும் அவர் சும்மா இருக்கவில்லை. கடற்படைக்கு அறிவித்து அந்தப் புள்ளியை அனுப்பினார். கரையில் நின்ற இரண்டு படகுகளை உடனே இறக்கினார்கள். அவை மேற்கே போயின. நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் புருஷனும் தம்பியும் வடகிழக்கே தாழுகிறார்கள், படகுகள் மேற்கே போகின்றன. தம்பி பெண்சாதி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "இப்ப போய்ப் பிடிச்சிடுவினம், என்ன மச்சாள்?" என்றாள்.

"ஓம்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று என்னை நானே எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். அங்கே நின்ற ஏழெட்டுப் பேரும் படகுக்காரர். இடத்தைச் சொன்னால் ஒரு மாதத்துக்குள் அந்தப் பாரில் ஒரு மீன் மிஞ்சாது. சங்கத்தை ஏமாற்றினோம் என்று ஊரே காறித் துப்பும். சத்தியம் வேறு. இவர் இதற்கு முந்தியும் எஞ்சின் நின்றபோது தானே திருத்திக்கொண்டு வந்தவர், இப்போது எடுப்பார், இன்னும் ஒரு நிமிஷத்தில் எடுப்பார் என்று போனைப் பார்த்தபடி நின்றேன். அந்த ஒவ்வொரு நிமிஷத்துக்கும் என்னிடம் ஒரு காரணம் இருந்தது. சுவர் மணிக்கூட்டில் இருபது நிமிஷம் போய்விட்டது.

அப்போது தம்பி பெண்சாதி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்ல காலம் மச்சாள், இந்தப் போன் ஏற்பாடு இருந்தது. இல்லாட்டி எங்கையெண்டு தேடுறது?" என்றாள்.

அவளுடைய கையை உதறிவிட்டு உள்ளே போனேன்.

"அந்தப் போன் அவரிட்டை இல்லை" என்றேன். "அது கூட்டாளியின்ரை படகிலை கிடக்கு. இவர் வடகிழக்காலை நிக்கிறார். இடம் என்னட்டை இருக்கு."

செயலாளர் என்னை வாய் பிளந்து பார்த்தார். "என்னக்கா கதைக்கிறியள்? விசரே உங்கடை ஆளுக்கு?" என்று கத்தினார். கத்தினாலும் நல்ல மனுஷன். மற்றவர்களைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "எனக்கு மட்டும் அனுப்புங்கோ. நான் கடற்படைக்குக் குடுக்கிறன். வேறை ஒருத்தருக்கும் தெரிய வராது" என்றார். அந்த நேரத்திலும் அவர் எங்கள் பாரைக் காப்பாற்றப் பார்த்தார்.

ஆனால் கடலில் ஏற்கெனவே நிற்கும் படகுகளைவிட யார் கெதியாய்ப் போய்ச் சேர முடியும்? நான் என் போனில் சங்கக் குழுவைத் திறந்து, "இவற்றை படகு தாழுது" என்று அந்த இடத்தை அப்படியே அனுப்பினேன். அடுத்த நொடி அந்த அறையில் நின்ற எல்லோருடைய சட்டைப் பைக்குள்ளும் டிங் டிங் என்று கேட்டது. மாமனார் காலத்திலிருந்து மூடி வைத்த இரகசியம் அந்தச் சத்தத்தோடு முடிந்தது. எனக்கு அந்த நேரத்தில் ஒரு கவலையும் வரவில்லை.

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, குழுவில் ஒரு குரல் பதிவு வந்து விழுந்தது. "நான் கிட்டத்தான் நிக்கிறன். போறன்." பக்கத்து இறங்குதுறைக்காரர் ஒருவர். வலை அறுந்த சண்டையில் மூன்று வருஷமாக என் புருஷனோடு முகம் கொடுத்துக் கதைக்காதவர். பாதி இழுத்த தன் வலையைக் கத்தியால் அறுத்துக் கடலிலேயே விட்டுவிட்டு எஞ்சினை இழுத்தாராம். அது எங்களுக்குப் பிறகுதான் தெரியும்.

அவருடைய புள்ளி உண்மையான புள்ளி. அது வரைபடத்தில் வடகிழக்கே ஊர்ந்தது. நாங்கள் எல்லோரும் செயலாளரின் போனைச் சுற்றி நின்று பார்த்தோம். மேற்கே போன இரண்டு படகும் திரும்பின. கடற்படைக்கும் புது இடம் போனது. செயலாளர் அம்புலன்ஸ்காரருக்கு எங்கள் இறங்குதுறையின் இடத்தையும் அனுப்பினார், வழி கேட்டு அலையாமல் நேரே வரட்டும் என்று. ஒருவரும் என்னோடு கதைக்கவில்லை.

புள்ளி பாருக்குப் போய் நின்றது. பிறகு அங்கிருந்து விலகி வட்டம் போட்டது. திரும்பவும் ஒரு வட்டம். "காணேல்லை. நீரோட்டம் இழுத்திட்டுது போலை" என்று குரல் வந்தது. தம்பி பெண்சாதி நிலத்தில் குந்திவிட்டாள். தெரிந்த தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டேன். மூன்றாவது வட்டம் கொஞ்சம் தெற்கே தள்ளிப் போனது, பிறகு புள்ளி நின்றுவிட்டது. நெடுநேரம் அசையவே இல்லை.

"ரெண்டு பேரும் இருக்கினம். உயிரோடை."

அதைக் கேட்டபின் நான் என்ன செய்தேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. பெரிதாகக் கத்தினேன் என்று சொன்னார்கள்.

படகு கவிழ்ந்து கிடந்திருக்கிறது. எஞ்சின் சரிந்து விழுந்ததில் தம்பியின் கால் கிழிந்து நிறைய இரத்தம் போய், அவனுக்குப் பிடித்துக்கொள்ளக் கையில் பலம் இல்லை. என் புருஷன் அவனுடைய மணிக்கட்டைக் கயிற்றால் படகோடு கட்டிவிட்டு, அவன் தலை தாழாமல் தன் தோளால் முட்டுக் கொடுத்துக்கொண்டு கிடந்திருக்கிறார். அதற்காக அவரைக் கும்பிட வேண்டும். கரைக்கு வந்ததும் அவர் செய்த வேலைக்கு என்ன செய்ய வேண்டும் என்பதை நீங்களே தீர்மானியுங்கள்.

அம்புலன்ஸில் வந்தவர்கள் தம்பியைத் தூக்கிப் படுக்க வைத்தார்கள். என் புருஷன் யாரோ உடுக்கக் கொடுத்த சாரத்தைப் போர்த்திக்கொண்டு, உதடெல்லாம் நீலமாக, கிடுகிடுவென்று நடுங்கிக்கொண்டு இறங்கினார். தன்னைக் கொண்டுவந்தது யார் என்று திரும்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். செத்துப் பிழைத்து வந்த மனுஷனுடைய முதல் வார்த்தை இதுதான்.

"எடியே, இடத்தை ஆருக்கடி குடுத்தனீ?"

கரையில் ஐம்பது சனம் நிற்கிறது. நான் பார்க்கவில்லை.

"ஊருக்கே குடுத்தனான்! கடற்படைக்கும் குடுத்தனான், உங்களோடை கதைக்காத மனுஷனுக்கும் குடுத்தனான். என்ன செய்யப்போறியள்? திரும்பப் போய் அங்கையே கிடக்கப்போறியளோ? கண்டறியாத பார்! என்ரை தம்பி உங்கை விறைச்சுப்போய்க் கிடக்கிறான், உங்களுக்குப் பார் கேக்குதோ?" இன்னும் என்னென்னவோ சொன்னேன். அச்சில் போட முடியாததும் இருக்கிறது.

காப்பாற்றியவர் கயிறு சுற்றிக்கொண்டிருந்தார். தலை நிமிராமலே என் புருஷனிடம் சொன்னார். "உன்ரை பார் எனக்கு வேண்டாம். என்ரை வலையை அறுத்துப்போட்டு வந்தனான். உடம்பு தேறினாப் பிறகு அதைத் தேட என்னோடை வா." மூன்று வருஷத்துக்குப் பிறகு அவர் கதைத்த முதல் கதை. கொஞ்சம் நின்று, என் தம்பியைக் கண்ணால் காட்டி, "இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தா உவன் இல்லை" என்றார்.

ஒரு கிழமைக்குப் பிறகு சங்கத்தில் கூட்டம் வைத்தார்கள். தம்பி இன்னும் ஆஸ்பத்திரியில் இருந்தான். நானும் அவன் பெண்சாதியும் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். உள்ளே பெரிய மனிதர் ஒருவர் எழுந்து, "உந்தப் போன் விளையாட்டுச் சரிவராது. புள்ளி பொய் சொல்லுது" என்றார். நாலைந்து பேர் ஓம் என்றார்கள். கூட்டாளி தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். என் புருஷன், சொல்லவே வெட்கமாக இருக்கிறது, அவரும் ஓம் என்றார்!

எனக்கு வந்த விசரில் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போனேன். "புள்ளி பொய் சொல்லேல்லை. போன் எங்கை கிடந்ததோ அங்கைதான் காட்டினது. பொய் சொன்னது நாங்கள். நான்தான் ஒவ்வொரு நாளும் அந்தப் போனுக்கு சார்ஜ் போட்டனான். அண்டைக்கு ரெண்டு படகையும் கடற்படையையும் வெறுங்கடலுக்கு அனுப்பினது நாங்கள். இஞ்சை இருக்கிற ஆரின்ரை புள்ளி உண்மை எண்டு அம்மன் கோயிலிலை கற்பூரம் கொளுத்திச் சொல்லுங்கோ பாப்பம்!"

பெண் பிள்ளைக்கு இங்கே என்ன கதை என்று ஒருவர் முணுமுணுத்தார். ஆனால் கற்பூரம் என்றதும் மற்றவர்கள் எழும்பினார்கள், மூன்று பேர் எழும்பவில்லை. செயலாளர் அவர்களைப் பெயர் சொல்லிக் கேட்டார். ஒருவருடைய போன் வீட்டு அலுமாரிக்குள் இருந்தே எட்டு மணித்தியாலம் பகிர்ந்துகொண்டிருந்ததாம். அவர் கடலில் நிற்கும்போதும் வரைபடத்தில் வீட்டில்தான் நின்றிருக்கிறார். ஒருவர் கூடக் கவனிக்கவில்லை. அந்த விதி இன்னும் இருக்கிறது, ஆனால் இப்போது படகு தள்ளும் முன் போனைப் படகிலேயே பார்த்துவிட்டுத்தான் விடுகிறார்கள். எங்கள் பாரில் இப்போது நாலு படகு நிற்கும். மீன் குறைவுதான். மீன் குறைந்த நாளில் என் புருஷன் என்னை ஒரு பார்வை பார்ப்பார். நானும் திருப்பிப் பார்ப்பேன்.

அந்தக் கூட்டத்தில் இன்னொன்று நடந்தது. செயலாளர் என்னிடம், "எல்லாம் சரி அக்கா, வந்த உடனை ஏன் சொல்லேல்லை?" என்று கேட்டார். எனக்கு வாய் வரவில்லை. அவ்வளவு நேரம் கத்திய வாய். அப்போது தம்பி பெண்சாதி எனக்கு முன்னால் வந்து நின்று, "அவவை ஒண்டும் கேளாதேங்கோ. பாவம், பதட்டத்திலை மறந்து போனா" என்றாள். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

தம்பி இப்போது காலைக் கொஞ்சம் நொண்டித்தான் நடக்கிறான். வீட்டுக்கு யார் வந்தாலும், "அக்காதான் என்ரை உயிரைக் காப்பாத்தினவ" என்று சொல்கிறான். ஒவ்வொரு தடவையும் நான் குசினி அடுப்படிக்குள் போய்விடுவேன்.

புருஷனைத் திட்டவும் செயலாளரைத் திட்டவும் ஊரைத் திட்டவும் எனக்கு நிறைய வாய் இருக்கிறது. என் மச்சாள், அதுதான் தம்பி பெண்சாதி, பத்திரிகையில் வரும் இந்தப் பக்கத்தை ஒரு கிழமையும் தவறவிடாமல் வாசிப்பவள், அவளுக்காகத்தான் இதை எழுதினேன். மச்சாள், நீ என் கையைப் பிடித்துக்கொண்டு அழுத அந்த இருபது நிமிஷமும் உன் புருஷன் எங்கே தாழுகிறான் என்று எனக்குத் தெரியும், நான் மறக்கவில்லை.